அஸ்வாங் கொண்டுபோன பன்றி

கயிறு கையில் இருந்தது. பன்றிதான் இல்லை.

பெர்பெக்தோ கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். மறுமுனை புல்லில் சரசரவென்று ஊர்ந்து வந்து அவர் காலடியில் சேர்ந்தது. அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சுக்குள் இருந்திருக்க வேண்டிய நூறு கிலோக் கறுப்பியைத்தான் காணோம்.

மாலை நாலு மணி இருக்கும். தென்னை மரத்தடி. பக்கத்தில் காலியான மூங்கில் குழாய் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும், பன்றியைக் குளிப்பாட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஓடைக்குக் கிளம்பியவர், வழியில் தோரிபியோவின் கள்ளை ஒரே ஒரு வாய் ருசி பார்க்க உட்கார்ந்தார். அந்த ஒரு வாய் மொத்தம் எத்தனை வாய் என்பது தோரிபியோவுக்குத்தான் தெரியும்.

"அண்ணே!" என்று மரத்து உச்சியைப் பார்த்துக் கூப்பிட்டார். "கறுப்பி எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தீங்களா?"

மேலே பாளை சீவும் சத்தம் நின்றது. எழுபத்திரண்டு வயதிலும் தினம் இரண்டு வேளை இருபது மரம் ஏறி இறங்குகிறவர் தோரிபியோ. அந்த உயரத்திலிருந்து ஊரில் யார் எந்தப் புழக்கடை வழியாக எந்த வீட்டுக்குள் போகிறார்கள் என்பது வரை தெரியும்.

"மேலேருந்து பாக்கிறதை நான் கீழே சொல்றதில்லை தம்பி. ஐம்பது வருஷப் பழக்கம். சொல்ல ஆரம்பிச்சேன்னா இந்த ஊர்ல பாதி வீட்டுல அடுப்பு எரியாது."

"ஒரு பன்னியைப் பத்தித்தானே அண்ணே கேக்கறேன்!"

"பன்னியில ஆரம்பிச்சா மத்ததுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்றார் தோரிபியோ. சீவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

பெர்பெக்தோ கயிற்றைச் சுருட்டினார். கறுப்பி அவருடைய பன்றியாக இருந்தால் பரவாயில்லை. அது தெருவின் பன்றி. சான் இசித்ரோ திருவிழா விருந்துக்கென்று முப்பத்திரண்டு வீடுகளும் ஒரு வருஷமாகக் கழனி ஊற்றி வளர்த்தது. மீன் தலை, வாழைத்தோல், கருகிப்போன சோறு என்று எல்லோர் வீட்டு மிச்சமும் அதன் உடம்பில் இருந்தது. இந்த வருஷம் விருந்துப் பொறுப்பு பெர்பெக்தோவின் முறை. திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள்.

"ஏய்யா! பன்னி எங்க?"

மனைவி லுதிவினா. இடுப்பில் கை, கையில் தேய்ப்பு பிரஷ். பன்றி முதுகு தேய்க்கிற அதை மறந்துவிட்டுப் போன புருஷனுக்குக் கொடுக்கலாமென்று எடுத்து வந்திருக்கிறாள்.

குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் ஆறு வார்த்தைகூட ஆகாது. ஆனால் போன ஈஸ்டரில்தான் கள்ளைத் தொட மாட்டேன் என்று சாமியார் முன்னால் சத்தியம் செய்திருந்தார். வெட்கத்தில் முகம் கொதித்தது. வாய்க்கு வந்தது வேறு ஒன்று.

"அஸ்வாங்" என்றார்.

லுதிவினாவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது.

கால் மணி நேரத்தில் தெருவே மரத்தடியில் நின்றது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு போனிங். அவளுடைய மகளுக்கு எட்டாம் மாதம். அஸ்வாங் என்ற பெயரைக் கேட்டால் மற்றவர்கள் சிலுவைக் குறி போடுவார்கள். போனிங் பூண்டை எடுத்து மகளின் கழுத்தில் மாலையாகவே போட்டுவிடுவாள். போடாமல் எப்படி இருப்பாள்? பகலில் நம்மைப் போல நடக்கும், பேசும், கடையில் பேரம் பண்ணும். நினைத்தால் நாயாகும், பன்றியாகும், பறவையாகும். பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கிற கூரைமேல் வந்து உட்கார்ந்து, நூல் போல நாக்கை உள்ளே இறக்கும்.

"பட்டப்பகல்லயா வந்துச்சு?" என்றாள் போனிங்.

"ஆமா" என்றார் பெர்பெக்தோ. வேறு என்ன சொல்ல?

"அவ்வளவு துணிச்சலாகிப் போச்சா! எந்த உருவத்துல?"

"நாய். கறுப்பா. கன்னுக்குட்டி உசரம்."

"பன்னியை எப்படித் தூக்கிட்டுப் போச்சு?"

"வாயில கவ்விக்கிட்டு."

"நூறு கிலோவையா?"

"அதான் சொல்றேனே, அது நாயில்லைன்னு!"

கூட்டம் தலையாட்டியது. சரியான பதில். பெர்பெக்தோவுக்கே தன் மேல் ஒரு கணம் மரியாதை வந்தது.

"எந்தப் பக்கம் போச்சு?"

அவர் யோசிக்காமல் கையை நீட்டினார். ஏதோ ஒரு பக்கம் காட்ட வேண்டும், காட்டினார். முப்பத்திரண்டு வீட்டுத் தலைகளும் விரல் போன திசையில் திரும்பின. ஓடைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு. ஹசிந்தாவின் கஞ்சிக்கடை.

"நினைச்சேன்" என்றாள் போனிங்.

பெர்பெக்தோ கையைக் கீழே போட்டார். ஆனால் காட்டியது காட்டியதுதான்.

அந்தக் கை அந்தப் பக்கம் போயிருக்கவே கூடாது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண் ஹசிந்தா. பெண் கேட்டுப் போக நாள் குறித்து, கொண்டுபோக வேண்டிய சோற்றுக்கும் கோழிக்கும்கூட ஏற்பாடு ஆகிவிட்டது. அதற்கு நாலு நாள் முன்னால் பெர்பெக்தோவின் அப்பா ஓனொப்ரே மேய்க்கப் போன எருமைக்கன்று காணாமல் போனது. பட்டப்பகலில் அஸ்வாங் வந்தது, பெரிய பறவையாக வந்து கன்றைத் தூக்கியது, அதன் முகம் ஹசிந்தாவின் அம்மா முகம், என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்று அப்பா சிலுவையைத் தொட்டுச் சொன்னார். பெண் கேட்கப் போகவில்லை. ஏற்பாடு செய்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்கள். ஹசிந்தாவின் அம்மா அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். ஹசிந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அஸ்வாங் வீட்டில் பெண்ணெடுக்க யாரும் வரவுமில்லை. பாலத்துக்கு அப்பால் கடை வைத்துக் கோழிக்கஞ்சி விற்றாள். அதில் பூண்டை அள்ளிப் போட்டாள். வருஷம் போகப் போக ஊர் மறந்தது, அல்லது கஞ்சியின் ருசியில் மறந்த மாதிரி நடந்துகொண்டது.

பெர்பெக்தோ மறக்கவில்லை. அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் அவருக்குத் தலை தானாகக் குனியும். எங்கப்பா கண்ணால பாத்தாரே, நான் என்ன பண்ணியிருக்க முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் பாலத்தைத் தாண்டுவார்.

மறுநாள் காலை கஞ்சிக்கடையில் ஒருவர்கூட உட்காரவில்லை. படகுக்காரர்கள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு துறைக்குப் போனார்கள். பெர்பெக்தோ தூரத்தில் வேலியோரம் நின்று பார்த்தார். ஹசிந்தா கரண்டியும் கையுமாக, நிரம்பிய பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நேராக போனிங் வீட்டுக்குப் போனார்.

"போனிங், நேத்து நான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அது பொம்பளை இல்லை. ஆம்பளை அஸ்வாங்."

"எப்படித் தெரியும்?"

"மீசை இருந்துச்சு."

"நாய்க்கு மீசை இருக்காதா?"

"இது மனுச மீசை. முறுக்கின மீசை."

போனிங் கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ தெய்வமே! ஹசிந்தாவோட அப்பனுக்கு முறுக்கு மீசைதானே! செத்து இருபது வருஷமாச்சு, இன்னும் மகளுக்குச் சாப்பாடு தேடிக் குடுக்குறான் பாரு!"

அவர் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் மீசை தெருக்கோடி வரை போய்விட்டது. அஸ்வாங் ஒன்றல்ல, இரண்டு, குடும்பமாக இயங்குகிறார்கள் என்று முடிவாகியிருந்தது.

"எண்ணெய்ச் சோதனைதான் வழி" என்றாள் லுதிவினா, திருக்கைவாலைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே. அவள் பாட்டன் காலத்துத் திருக்கைவால் அது. அஸ்வாங்கை அடிக்க அதைவிட நல்ல சாட்டை கிடையாது. "வைத்தியர் மெலெசியோ ஒத்துக்கிட்டாரு. நாளைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு எல்லாருமா ஹசிந்தா வீட்டு வாசல்ல போய் நிக்கிறோம். எண்ணெய் கொதிச்சா, திருவிழாவுக்கு முன்னாடி அவ இந்த ஊரை விட்டுக் கிளம்பணும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற தெரு."

"கிளம்பி எங்க போவா?"

"அதை எதுக்கு நீங்க இவ்வளவு அக்கறையாக் கேக்கறீங்க?"

பெர்பெக்தோ எழுந்து வாசலுக்குப் போனார்.

மெலெசியோவின் எண்ணெயை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிழக்குப் பார்த்துச் சாய்ந்த தென்னையின் தேங்காயைப் பெரிய வெள்ளிக்கிழமை அன்று பேசாமல் துருவி, பேசாமல் காய்ச்சி, வேரும் இலையும் போட்டு, புட்டியில் அடைத்து அவர் வாசல் நிலையில் தொங்கவிட்டிருப்பார். அஸ்வாங் பக்கத்தில் வந்தால் அது நெருப்பில்லாமல் பொங்கும். பெர்பெக்தோ அன்று முழுக்க யோசித்தார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் லுதிவினா, சாமியார், முப்பத்திரண்டு வீடு. சொல்லாவிட்டால் ஹசிந்தா. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. இந்த மாதிரி ஆசாமிகளுக்கு எப்போதும் நடுவில் ஒரு வழி தோன்றும்.

சோதனை நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போனார்.

"பிரட்டுது மெலெசியோ."

"பயம். பன்னியை வாயில கவ்வினதைப் பாத்தவனுக்குப் பிரட்டத்தான் செய்யும். இரு, கொய்யா இலை பறிச்சு வர்றேன்."

மெலெசியோ கொல்லைப்பக்கம் போனதும் பெர்பெக்தோ புட்டியை இறக்கினார். எண்ணெயை ஜன்னல் வழியாக மிளகாய்ச் செடிக்கு ஊற்றினார். பதிலுக்கு ஊற்ற என்ன கொண்டுவந்தார் என்றால், தோரிபியோவின் கள். வேறு எதுவும் அந்த நிறத்தில் வீட்டில் இல்லை. அலையாத்திப் பட்டை போட்டுச் சிவந்த கள்ளும், வேர் ஊறிச் சிவந்த எண்ணெயும் கண்ணாடிக்குள் ஒரே மாதிரிதான் இருந்தன. கள் எங்கே தானாகக் கொதிக்கப் போகிறது? கார்க்கை உள்ளங்கையால் குத்தி இறுக்கி, மெழுகையும் ஒட்டி, பழையபடி தொங்கவிட்டார்.

திரும்பி வரும்போது ஒரு சின்ன எண்ணம் குறுக்கே வந்தது. ஹசிந்தாவிடம் எண்ணெய் கொதிக்காது என்று அவர் நம்பியிருந்தால், அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அவர் காது மடல் சுட்டது. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக நடந்தார்.

மே மாத வெயில். பன்னிரண்டு மணி. மெலெசியோ புட்டியைக் கழுத்தில் கட்டி முன்னால் நடந்தார். அது அவர் தொப்பைமேல் குலுங்கிக் குலுங்கி வந்தது. பின்னால் திருக்கைவாலோடு லுதிவினா. அதற்குப் பின்னால் உப்பு மூட்டையோடு போனிங். அப்புறம் தெரு. எல்லாருக்கும் கடைசியில், ஒளிந்துகொள்ளவும் முடியாமல் ஓடிப்போகவும் முடியாமல், பெர்பெக்தோ.

கஞ்சிக்கடை வாசலில் யாருமில்லை.

"ஹசிந்தா!" என்றார் மெலெசியோ.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. சளப், சளப் என்று எதையோ நக்கும் சத்தம்.

"நாக்கு!" என்று கத்தினாள் போனிங். "நாக்குச் சத்தம்!"

கதவு மெல்லத் திறந்தது. கருகருவென்று ஒரு பன்றி வெளியே வந்தது. அதன் கழுத்தில், ஊருக்கே தெரிந்த ஹசிந்தாவின் மஞ்சள் பூப்போட்ட ஏப்ரன். மூக்கு முழுக்கக் கஞ்சி. வாசற்படியில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மெலெசியோவின் தொப்பைமேல் 'டொப்'பென்று ஒரு வெடி. கார்க் பறந்து போனிங்கின் நெற்றியில் பட்டது. புட்டியிலிருந்து நுரை பொங்கி அவர் சட்டையெல்லாம் வழிந்து வாசற்படியில் கொட்டியது.

"கொதிச்சிருச்சு!" என்று மெலெசியோ அலறினார். நாற்பது வருஷமாக அந்த எண்ணெயைச் சுமக்கிறார். அது கொதித்து அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊரில் வேறு யாரையும்விட அவர்தான் அதிகமாகப் பயந்துபோனார்.

"பிசாசு வேர்வை! புளிச்ச நாத்தம் பாரு!"

"கண்ணைப் பாரு, ஹசிந்தா கண்ணேதான்!"

"நிக்கிற நிலையைப் பாரு. கரண்டி பிடிச்சிக்கிட்டு இப்படித்தானே நிப்பா!"

மெலெசியோ விரலை நீட்டினார். "ஹசிந்தா! உன் சொந்த உருவத்துக்கு வா!"

பன்றி ஏப்பம் விட்டது.

"அக்கான்னு கூப்பிடுங்க, கோபம் வந்துறப் போகுது" என்றார் பின்னாலிருந்து ஒரு படகுக்காரர். பிறகு அவரே முன்னால் வந்து பன்றியைப் பார்த்துக் கும்பிட்டார். "ஹசிந்தாக்கா, நேத்து நான் கஞ்சி குடிக்க வராததை மனசுல வெச்சுக்காதீங்க. வயித்துக்குச் சரியில்லை."

"என் மகளை விட்டுரு தாயே!" என்று போனிங் அதன் முன்னால் உப்பைக் கொட்டினாள். பன்றி உப்பை முகர்ந்து, தின்றது.

"உப்பையே தின்னுது! எவ்வளவு பெரிய அஸ்வாங்கா இருக்கணும்!"

பெர்பெக்தோவால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினார். "ஐயோ, இது நம்ம கறுப்பி! இடது காதுல வெட்டு இருக்கு பாருங்க! கழனிச் சட்டியில இடிச்சுக்கிட்டது!"

லுதிவினா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உங்க கண்ணைக் கட்டிட்டா. முப்பது வருசத்துக்கு முன்னாடியே கட்டினவதானே! தள்ளுங்க!"

திருக்கைவால் காற்றில் விர்ரென்றது. அவர் பன்றியின் மேல் விழுந்து கட்டிக்கொண்டார். அடி அவர் முதுகில் விழுந்தது. ரொம்ப நல்ல சாட்டைதான் என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

"பாத்தீங்களா? கட்டிக்கவே ஆரம்பிச்சுட்டாரு!" என்று லுதிவினா இரண்டாம் தடவை ஓங்கினாள்.

"என்ன கூட்டம்? கஞ்சிக்கா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பாலத்தின் மேல், கையில் இறால் கூடையோடு, வியர்வை வழிய ஹசிந்தா நின்றுகொண்டிருந்தாள். ஊர் அவளைப் பார்த்தது. பன்றியைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது.

"துறைக்குப் போயிருந்தேன். கஞ்சி விக்கலை, இறாலாவது வறுத்துப் பாக்கலாம்னு" என்றாள். பிறகு எட்டிப் பார்த்தாள். "யாரு அது என் ஏப்ரனை மாட்டிக்கிட்டு நிக்கிறது?"

பன்றியிடம் மன்னிப்புக் கேட்ட படகுக்காரர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார். லுதிவினா திருக்கைவாலைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இரண்டு நாளாக விற்காத கஞ்சிப் பானை, பின்பக்கம் சாத்தாத கதவு, பசியோடு அலைந்த பன்றி என்று ஒவ்வொருவர் தலையிலும் கணக்கு மெதுவாகச் சேர்ந்தது.

மெலெசியோதான் கடைசியாகப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "ஆனா எண்ணெய் கொதிச்சுதே!"

தோளில் மூங்கில் குழாய்களோடு மரத்துக்குப் போய்க்கொண்டிருந்த தோரிபியோ அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்தார். வாசற்படி நுரையில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எண்ணெயா? இது நேத்து கிழக்கு மரத்துல இறக்கின கள்ளு. வெயில்ல குலுக்கி மூடி வெச்சா வெடிக்காம என்ன பண்ணும்?" அவருக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தது. "இதையா பிசாசு வேர்வைன்னீங்க?"

மெலெசியோ புட்டியை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு மெதுவாக, தன்னைக் கொய்யா இலை பறிக்கப் போக வைத்த ஆளின் பக்கம் திரும்பினார். அவரோடு சேர்ந்து தெருவே திரும்பியது.

பெர்பெக்தோ பன்றியை விட்டுவிட்டு எழுந்தார். முழங்காலில் சேறு, சட்டையில் கஞ்சி. இனிமேல் நடுவில் எந்த வழியும் இல்லை.

"அஸ்வாங் வரலை" என்றார். "நான் குடிச்சேன். தூங்கிட்டேன். கறுப்பி முடிச்சுலேருந்து தலையை உருவிக்கிட்டுப் போயிடுச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன். நாயுமில்லை, மீசையுமில்லை. கையைச் சும்மாதான் நீட்டினேன். அது இந்தப் பக்கம் போயிடுச்சு."

போனிங் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே உப்பு மூட்டையின் வாயைக் கட்டினாள். லுதிவினா அவரைப் பார்த்த பார்வையில் இரண்டாவது அடி, மூன்றாவது அடி எல்லாம் வீட்டுக்கென்று பத்திரப்படுத்தி வைக்கப்பட்டிருந்தன.

ஹசிந்தா கூடையைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"புட்டியில எதுக்குப் பெக்தோ கள்ளை ஊத்தின?"

"எண்ணெய் கொதிக்கக் கூடாதுன்னு."

"சும்மா விட்டிருந்தா கொதிச்சிருக்குமா?"

அவர் குனிந்து சட்டையில் ஒட்டிய கஞ்சியைத் துடைத்தார்.

"அப்ப, கொதிக்கும்னு நினைச்சிருக்கே" என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக. "முப்பத்தோரு வருசமா."

பெர்பெக்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே பார்க்கிறது, மனைவி பார்க்கிறாள், பன்றிகூடப் பார்க்கிறது. எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. தெரு முன்னால் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டபோதுகூட இவ்வளவு வெட்கமாக இல்லை. சாய்ந்துகொள்ள ஏதாவது கிடைக்காதா என்று தேடினார். வாழ்க்கை முழுக்கச் சாய்ந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"நான் என்ன பண்ணட்டும் ஹசிந்தா?" என்றார். "எங்கப்பா பொய் சொல்ற மனுசன் இல்லை. கன்னுக்குட்டி போனதை அவரு ரெண்டு கண்ணாலயும் பாத்தாரு."

தோரிபியோ குழாய்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், நின்றார். தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தார். ஹசிந்தாவைப் பார்த்தார். ஐம்பது வருஷப் பழக்கத்தை விடுவது அவருக்குச் சுலபமாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அவன் எங்க பாத்தான் தம்பி?" என்றார். "கன்னுக்குட்டி கயித்தை உருவிக்கிட்டு ஓடினப்ப, உங்கப்பனும் இதே கிழக்கு மரத்தடியில, முந்தாநாள் நீ படுத்துக் கிடந்த அதே இடத்துலதான் குறட்டை விட்டுக்கிட்டிருந்தான்."